பதினேழாம் போத்தல்

செபஸ்தியம்மாவைப் பொறுத்தவரை உலகத்தில் தண்ணீர் இரண்டே வகைதான். ஒன்று நல்ல தண்ணி, மற்றது உவர்த் தண்ணி. நல்ல தண்ணி குடிக்க, உவர் மிச்சம் எல்லாவற்றுக்கும். கொழும்புத்துறையில், கடலேரியிலிருந்து கூப்பிடு தூரத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு வேறு எப்படித் தெரியும்? அவள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது, பருப்பு அவியாது, தேத்தண்ணி போட்டால் பால் திரைந்துவிடும்.

நல்ல தண்ணிக்குச் சந்திக் கோயில் கிணற்றுக்குத்தான் போகவேண்டும். எட்டு வயதிலிருந்து போகிறாள். அந்தக் கிணற்றுக்கு ஒரு சட்டம் உண்டு. குடிக்க மட்டும்தான் அள்ளலாம், வீட்டுக்கு இரண்டு கான். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் செபநாயகம் கிணற்றடியில் கதிரை போட்டுக் குந்தியிருந்து, வருகிறவர்களையெல்லாம் "குடிக்கவோ?" என்று கேட்பார். முப்பது வருடமாகத் தினமும் பார்க்கிற முகமென்றாலும் கேட்பார். "ஓம், குடிக்கத்தான்" என்று வாயால் சொன்னால்தான் கப்பிக் கயிறு கைக்கு வரும். யாரோ ஒருத்தி குடிக்க என்று சொல்லி அள்ளிக்கொண்டுபோய்ப் பிள்ளையைக் குளிக்க வார்த்தாள் என்று தெரிந்து, அவளோடு அவர் இரண்டு வருடம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

இப்படிப்பட்ட ஊர்க்காரியைக் கொண்டுபோய் ஓர் இரசாயன ஆய்வுகூடத்தில் வேலைக்கு விட்டால் என்ன நடக்கும்? பதினொரு வருடம் ஒன்றும் நடக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

செபஸ்தியம்மா பள்ளியில் ஓ.எல். பரீட்சை வரைக்கும் படித்தவள். விஞ்ஞானத்தில் கெட்டிக்காரி. அதற்கு மேல் படிக்க யுத்தகால இடப்பெயர்வுகள் விடவில்லை. யாகோப்பைக் கட்டினாள், இரண்டு பெண்பிள்ளைகளைப் பெற்றாள், யாகோப்பு கடலேரியில் நண்டும் இறாலும் பிடித்துக் கொண்டுவந்ததில் குடும்பம் ஓடியது. முப்பத்தைந்து வயதில் யாரோ சொல்லிக் கம்பசுக்கு வேலை கேட்டுப் போனாள். பேராசிரியர் நமசிவாயத்தின் ஆய்வுகூடத்தில் கண்ணாடிப் பாத்திரம் கழுவுகிற வேலை கிடைத்தது. தற்காலிக வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு கடிதம் வரும், இன்னும் ஆறு மாதம் வேலை செய்யலாம் என்று. அந்தக் கடிதம் வரும் வாரத்தில் அவளுக்கு நித்திரை வராது. இருபத்திரண்டு கடிதம் வந்துவிட்டது, நித்திரை மட்டும் பழகவில்லை.

அங்கே போன பிறகுதான் மூன்றாவதாக ஒரு தண்ணி இருக்கிறதென்று அறிந்தாள். கொதிக்க வைத்து, ஆவியைப் பிடித்து, குளிரப்பண்ணி எடுக்கிற வடிநீர். பேராசிரியர் "டிஸ்டில்" என்பார். கார் திருத்தும் கராச்சில் பற்றரிக்கு விடுவதும் அதைத்தான் என்பதால் செபஸ்தியம்மா அதற்குப் பற்றரித் தண்ணி என்று பெயர் வைத்தாள். ஒரு நாள் யாருக்கும் தெரியாமல் ஒரு மிடறு குடித்துப் பார்த்தாள். வாயில் ஒன்றுமே இல்லை. இதற்கா இவ்வளவு மின்சாரம் என்று நினைத்தாள்.

ஆனால் வேலையில் அவள் கறார். ஒவ்வொரு பாத்திரத்தையும் குழாய்த் தண்ணியில் மூன்று தரம் கழுவி, கடைசியில் பற்றரித் தண்ணி விட்டு அலசி, கவிழ்த்து வைப்பாள். அவளுக்கு முன்னால் இருந்தவர் அலுப்பில் வடிநீர்க் கானுக்குள் குழாய்த் தண்ணியை நிரப்பி வைத்து, அடுத்த நாளே வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். "இந்த அறைக்குள்ளை எனக்குத் தெரியாத தண்ணி ஒரு சொட்டும் வரக்கூடாது" என்பது பேராசிரியரின் வாக்கு. மற்றப்படி அவர் நல்ல மனிசன். கோபம் வந்தால் மட்டும் பக்கத்து அறைக்காரர் கதவைச் சாத்துவார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் அந்த அறைக்கு வினோஜா வந்தாள். உடுப்பிட்டிப் பிள்ளை, தோட்டக்காரக் குடும்பம், கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்ய வந்தவள். வந்த முதல் கிழமையே செபஸ்தியம்மாவிடம், "அக்கா, உங்கடை ஊரிலை இறால் கோது எடுக்கலாமோ?" என்று கேட்டாள்.

"எவ்வளவு பிள்ளை?"

"ஒரு பை."

"பையோ? சாக்கிலை கொண்டரலாம். எறியிறதுக்குத்தானே இடமில்லாமல் கிடக்கு."

அடுத்த நாள் காலை, உரித்தெடுத்த இறால் மேலோடு நிறைந்த கோதுப் பையோடு பஸ் ஏறினாள். பஸ்சில் அவளைச் சுற்றி நாலு சீற் காலியாகிவிட்டது. கொண்டக்டர் காசு வாங்கவும் கிட்ட வரவில்லை. இறங்கும்போது அவளே தேடிப்போய்க் கொடுத்தாள்.

இறால் கோதில் விளக்குச் செய்யப்போகிறேன் என்று வினோஜா சொன்னபோது பிள்ளை பகிடி விடுகிறது என்றுதான் செபஸ்தியம்மா நினைத்தாள். பகிடி இல்லை. கோதை அமிலத்தில் ஊறவைத்து, அதிலுள்ள சுண்ணாம்பையெல்லாம் கழுவி எடுத்து, மிச்சத்தை அரைத்து, தண்ணீரோடு உருக்குக் குடுவைக்குள் போட்டு மூடி, சூட்டுப் பெட்டிக்குள் பத்து மணித்தியாலம் வேகவிடுவாள். திறந்தால் வெறுந்தேத்தண்ணி நிறத்தில் ஒரு திரவம் இருக்கும். அதற்குள் காபன் புள்ளிகள் மிதக்கும். காபன் என்றால் அடுப்புக்கரியில் இருக்கிற அதே சாமான்தான். ஆனால் தலைமயிர் ஒன்றின் பருமனுக்குள் பத்தாயிரம் புள்ளிகளை வரிசையாக அடுக்கலாம், அவ்வளவு சிறிசு. அந்தச் சிறிசில் கரிக்கு ஒரு புதுக் குணம் வந்துவிடும். ஊதா வெளிச்சத்தைக் காட்டினால் அது தன் நிறத்தில் திருப்பி ஒளிரும்.

"கடையிலை வாங்கிற எல்.ஈ.டி. இருக்கெல்லோ அக்கா, அதுக்குள்ளை மஞ்சளாய் ஒரு பூச்சு இருக்கும். அதுதான் வெள்ளை வெளிச்சத்தைக் குடுக்கிறது. அந்தப் பூச்சுக்கு வேண்டிய உலோகங்களை வேறை நாட்டிலை கிண்டி எடுக்கினம். எங்களிட்டை அதுகள் இல்லை. இறால் கோது இருக்கு."

அறையில் ஒரு பிஸ்கட் பெட்டி இருந்தது. உள்ளே கறுத்தக் கடதாசி ஒட்டி, மேலே கண் வைத்துப் பார்க்க ஒரு ஓட்டை, பக்கத்தில் ஊதா ரோச் லைற் செருக ஒரு ஓட்டை. வினோஜா கண்ணாடிக் குழாயைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, "பாருங்கோ" என்றாள். செபஸ்தியம்மா குனிந்து பார்த்தாள். போன கிழமை அவள் பஸ்சில் கொண்டுவந்த நாற்றம் பிடித்த கோது, பச்சையும் நீலமுமாகக் குளிர்ந்து ஒளிர்ந்தது. "மாதாவே" என்றாள்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். தண்ணீரில் இருக்கும் வரைக்கும் புள்ளிகள் ஒளிரும். காயவைத்துத் தூளாக்கினால் செத்துவிடும். எல்.ஈ.டி.யின் மேல் பூசுவதென்றால் தூள்தான் வேண்டும், தண்ணீரைப் பூச முடியாது. வினோஜா ஒவ்வொரு முறையும் ஒரு போத்தலில் நம்பர் ஒட்டி, காயவைத்து, பெட்டிக்குள் வைத்துப் பார்ப்பாள். ஒன்று, இரண்டு, மூன்று. பதினாறு போத்தலும் இருட்டு.

பதினேழாம் போத்தலின்போது வினோஜாவுக்கு டெங்கு வந்தது. அதே வாரம் தண்ணி வடிக்கும் கருவியும் பழுதாகித் தூரத்துக் கொழும்பிலிருந்து சாமான் வருமட்டும் காத்துக் கிடந்தது. பற்றரித் தண்ணிக் கான் காய்ந்துபோயிருந்தது. மூன்றாம் நாள் பகல், ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து வினோஜா போன் எடுத்தாள். குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்டது.

"அக்கா, பதினேழு காய்ஞ்சு கிடக்கும். அதை நல்ல தண்ணியிலை கரைச்சு, திரும்பக் காய வைச்சு விடுங்கோ."

"நல்ல தண்ணியோ பிள்ளை?"

"ஓம் அக்கா, நல்ல தண்ணி. வேறை தண்ணி விட்டிடாதேங்கோ."

போன் கட்டாகிவிட்டது. செபஸ்தியம்மாவுக்கு யோசிக்க ஒன்றுமில்லை. கருவி பழுது, பற்றரித் தண்ணி இல்லை, குழாயில் வருவது உவர். பிள்ளை காய்ச்சலிலும் கவனமாக யோசித்துத்தான் நல்ல தண்ணி என்று சொல்லியிருக்கிறது. தன் கைப்பையிலிருந்து, மத்தியானம் குடிக்கவென்று கோயில் கிணற்றில் நிரப்பிவந்த போத்தலை எடுத்தாள். அளவுச் சாடியில் பார்த்துப் பார்த்து ஊற்றினாள், கரைத்தாள், காயவைத்தாள். அன்று பின்னேரம் வரை குடிக்கத் தண்ணியில்லாமல் இருந்தாள். பதிவுப் புத்தகத்தில் எழுத அவளுக்கு உரிமை கிடையாது, எழுதவும் இல்லை.

இரண்டு கிழமை கழித்து மெலிந்து வெளிறிப்போய் வந்த வினோஜா பதினேழாம் போத்தலைப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்துவிட்டு ஒரு கத்துக் கத்தினாள். பக்கத்து அறைக்காரர் பேராசிரியர்தான் கத்துகிறார் என்று நினைத்துக் கதவைச் சாத்தினார்கள். காய்ந்த தூள் மஞ்சளாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதைப் பிசினில் குழைத்து, ஊதா எல்.ஈ.டி. ஒன்றின் தலையில் ஒரு சொட்டு வைத்து, மின்சாரம் கொடுத்துக் கொளுத்தினார்கள். வெள்ளை வெளிச்சம், கண்ணைக் குத்தாத வெள்ளை. பேராசிரியர் எல்லாருக்கும் தின்ன றோல்ஸ் வாங்கிக் கொடுத்தார். வினோஜா பதிவுப் புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதினாள், தண்ணீர் என்ற இடத்தில் வடிநீர் என்று. கொழும்பில் நடக்கப்போகும் மாநாட்டுக்குக் கட்டுரைச் சுருக்கமும் போய்விட்டது.

அதற்குப் பிறகு செய்த ஒன்றும் எரியவில்லை.

பதினெட்டு இருட்டு. இருபது இருட்டு. நாலு மாதத்தில் நாற்பத்தோராம் போத்தல் வரைக்கும் வந்து, நாற்பத்தொன்றும் இருட்டு. வினோஜா சாப்பாட்டை விட்டாள். தலை இழுத்துக் கட்டுவதையும் விட்டாள். பேராசிரியர் முதலில் ஆறுதல் சொன்னார், பிறகு பேசாமல் இருந்தார், பிறகு ஒரு மாதிரிப் பார்க்கத் தொடங்கினார். அந்தப் பார்வைதான் பிள்ளையைத் தின்றது. ஆராய்ச்சியில் தோற்றுப்போவது குற்றமில்லை. நடக்காததை நடந்ததாக எழுதுவதுதான் குற்றம். ஒருமுறை அந்தப் பேர் எடுத்தவருக்கு எந்த ஆய்வுகூடமும் கதவு திறக்காது.

இதற்கிடையில் செபஸ்தியம்மாவுக்கு ஒரு கடிதம் வந்தது. இருபத்து மூன்றாவது ஆறு மாதக் கடிதம் இல்லை. நிரந்தர நியமனத்துக்கு நேர்முகப் பரீட்சை, வருகிற புதன்கிழமை. பேராசிரியரின் சிபாரிசுக் கடிதம் ஏற்கெனவே போயிருந்தது. யாகோப்பு அதைக் கேட்டுக் கடலுக்குப் போகும் வலையைப் போட்டுவிட்டு வந்து, கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்துப் படிப்பதுபோலப் பாவனை செய்து அவளைச் சிரிக்க வைத்தான்.

திங்கட்கிழமை பத்து மணித் தேத்தண்ணி நேரம். வினோஜா கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தாள். தனக்குத்தானே சொல்வதுபோல விரல் மடித்து எண்ணினாள்.

"கோது அதே கோது. அசிட் அதே அசிட். சூடு அதே சூடு. தண்ணியும் அதே தண்ணி. அலுமாரியிலை கொழும்பாலை வந்த சீல் வைச்ச வடிநீர்ப் போத்தல் ஒண்டு இருந்தது, அதைத்தானே அண்டைக்கு விட்டனீங்கள். நான் போனிலை சொன்னனே அக்கா, நல்ல தண்ணி எண்டு."

அலுமாரியில் அப்படி ஒரு போத்தல் இருந்ததே செபஸ்தியம்மாவுக்கு இப்போதுதான் தெரியும். வாய் திறந்தாள். திறந்த வாயால், "தேத்தண்ணி ஆறுது பிள்ளை" என்றுதான் சொன்னாள். கோப்பைகளை எடுத்துக்கொண்டு தொட்டியடிக்குப் போய், கழுவிய கோப்பையையே மூன்று தரம் கழுவினாள். தனக்கு முன்னால் வேலை செய்தவரின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. அவர் விட்டதாவது குழாய்த் தண்ணி. இவள் ஊர்க் கிணற்றையே கொண்டுவந்து ஊற்றியிருக்கிறாள்.

வீட்டுக்குப் போய் யாகோப்பிடம் சொன்னாள். அவன் நண்டுக் கூடையை இறக்கி வைத்துவிட்டு முழுவதும் கேட்டான்.

"நீ வேணுமெண்டு செய்தனியோ?"

"இல்லை."

"பேந்தென்ன? பதினொரு வருசம் அந்த அறையிலை கை வெடிக்கக் கழுவினனி. புதன்கிழமை வரைக்கும் வாயைப் பொத்திக்கொண்டிரு. வியாழக்கிழமை போய்ச் சொல்லு. ஆர் என்ன செய்யேலும்?"

"அதுக்குள்ளை அந்தப் பிள்ளைக்கு ஏதும் நடந்தால்?"

"ரெண்டு நாளிலை என்னடி நடக்கப்போகுது?"

அவன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

நடக்க இரண்டு நாள் தேவைப்படவில்லை. செவ்வாய்க்கிழமை காலை, கழுவிய பீக்கர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டு பேராசிரியரின் அறையைத் தாண்டிப் போனாள். கதவு பாதி திறந்திருந்தது. நமசிவாயம் கத்தவில்லை. மெல்லிய குரலில் கதைத்துக்கொண்டிருந்தார். அது கத்துவதைவிடப் பயமாக இருந்தது.

"நான் உம்மட்டை ஒண்டே ஒண்டு கேக்கிறன் வினோஜா. பதினேழிலை வேறை ஏதும் கலந்துபோட்டு இப்ப சொல்லப் பயப்பிடுறீரோ?"

"இல்லை சேர்."

"இருபத்து நாலு தரம் செய்தாச்சு. ஒண்டும் வரேல்லை. அப்ப நான் என்னத்தை நம்புறது?"

பதிவுப் புத்தகத்தை மூடும் சத்தம் கேட்டது.

"கட்டுரையைத் திருப்பி எடுக்கிறதெண்டு இண்டைக்கே எழுதும். ஏன் எண்டதையும் எழுதும்."

வினோஜா அழுகிற பிள்ளை இல்லை. டெங்கு ஊசிக்கும் அழாதவள். அவளுடைய மூச்சு உடைவது வெளியே நின்ற செபஸ்தியம்மாவுக்குக் கேட்டது. அதற்கு மேல் அவளுக்கு மனம் கேட்கவில்லை. நியமனமாவது மண்ணாங்கட்டியாவது. தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு தட்டோடு உள்ளே போனாள்.

"சேர், அந்தப் பிள்ளை பொய் சொல்லேல்லை. தண்ணி விட்டது நான்."

தட்டில் பீக்கர்கள் ஒன்றோடொன்று முட்டிச் சத்தம் போட்டன.

"என்ன தண்ணி?" என்றார் நமசிவாயம்.

"நல்ல தண்ணி சேர்."

"நல்ல தண்ணியெண்டால்?"

"நல்ல தண்ணியெண்டால் நல்ல தண்ணிதான் சேர். குடிக்கிறது. எங்கடை கோயில் கிணத்துத் தண்ணி." பிறகு ஒரே மூச்சில் போன் வந்தது, கருவி பழுதாகியிருந்தது, தன் குடிதண்ணிப் போத்தலை எடுத்தது எல்லாவற்றையும் கொட்டினாள். நேற்றே தெரிந்தும் சொல்லாமல் விட்டதையும் சொன்னாள். அதை மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை.

பேராசிரியர் தலையில் கைவைத்தார். பிறகு கத்தினார். பதினொரு வருடம் என்று கத்தினார், கிணத்துத் தண்ணி என்று கத்தினார், இது ஆய்வுகூடமோ சமையல்கூடமோ என்று கத்தினார். விறாந்தை நெடுகக் கதவுகள் சாத்தப்படும் சத்தம் கேட்டது. வினோஜா மட்டும் கத்தவில்லை. அவள் எழுந்து நின்று செபஸ்தியம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் அகலத் திறந்திருந்தது.

"அக்கா, உங்கடை கேத்திலிலை வெள்ளையாய்ப் படை படியுமோ?"

"படியும் பிள்ளை. கிழமைக்கு ஒருக்கால் சுரண்ட வேணும்."

நமசிவாயம் கத்துவதைப் பாதியில் நிறுத்தினார். இரண்டு படித்த தலையும் ஒன்றையொன்று பார்த்தன. "சுண்ணாம்பு" என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

"இப்ப உந்தத் தண்ணி இருக்கோ?" என்று கேட்டார் பேராசிரியர்.

அவள் தட்டை வைத்துவிட்டுப் போய்க் கைப்பையிலிருந்து போத்தலை எடுத்துவந்தாள். இரண்டாந்தரமும் அவளுடைய குடிதண்ணி போனது.

நாற்பத்தோராம் போத்தலில் மிச்சமிருந்த தூளை மூன்று கண்ணாடித் தட்டில் பிரித்தார்கள். ஒன்றில் வடிநீர், ஒன்றில் குழாய்த் தண்ணி, மூன்றாவதில் கோயில் கிணறு. கரைத்துச் சூட்டுப் பெட்டிக்குள் வைத்தார்கள். மத்தியானம் ஒருவரும் சாப்பிடப் போகவில்லை. செபஸ்தியம்மா கழுவ ஒன்றுமில்லாமல் கழுவிய பாத்திரங்களைத் துடைத்துக்கொண்டு நின்றாள். எரியாவிட்டால் வேலையும் போகும், பிள்ளையும் தப்பாது. மாதாவிடம் என்ன கேட்பதென்றும் தெரியவில்லை. ஒரு கிணற்றுக்காக எப்படி மன்றாடுவது?

மூன்று மணிக்குத் தட்டுகளைப் பிஸ்கட் பெட்டிக்குள் வைத்தார்கள். ரோச்சைச் செருகினார்கள். வினோஜா குனியப் போனவள் நிமிர்ந்து, "நீங்கள் பாருங்கோ அக்கா. எனக்குப் பயமாய்க் கிடக்கு" என்றாள்.

செபஸ்தியம்மா கண்ணை ஓட்டையில் வைத்தாள். முதல் தட்டு இருட்டு. இரண்டாவதில் ஏதோ மங்கலாக, இருக்கிறதோ இல்லையோ என்று. மூன்றாவது தட்டு ஊர்க்கோழி முட்டையின் மஞ்சட்கரு மாதிரிப் பளிச்சென்று கிடந்தது.

"மூண்டாவது எரியுது சேர்" என்றாள். சொல்லிவிட்டு, சீலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். வினோஜா அவளைக் கட்டிக்கொண்டு தானும் அழுதாள், நாலு மாதத்து அழுகையை ஒன்றாக. நமசிவாயம் பெட்டிக்குள் பார்த்தார், நிமிர்ந்தார், திரும்பப் பார்த்தார். நாலு தரம் பார்த்தார்.

விஷயம் இதுதான். காயும்போது புள்ளிகள் நெருங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் ஒன்றின் வெளிச்சத்தை மற்றது விழுங்கிவிடும். கிணற்றுத் தண்ணீரில் கரைந்திருந்த சுண்ணாம்பு காயும்போது இடையில் புகுந்து அவற்றை விலக்கி வைத்திருக்கிறது. குழாய்த் தண்ணியில் சுண்ணாம்பைவிட உப்பு அதிகம், அது கெடுத்துவிட்டது. வினோஜா இதைச் சொல்ல, "பிட்டு மாதான் பிள்ளை" என்றாள் செபஸ்தியம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "கட்டிபட்டால் ஆவி ஏறாது. உதிரியாய்க் குழைச்சால்தான் அவியும்."

"கோதிலை இருந்த சுண்ணாம்பை ரெண்டு நாள் அசிட்டிலை போட்டுக் கழுவி எடுக்கிறம்" என்றார் பேராசிரியர். "உவ அதைப் போத்தலிலை திருப்பிக் கொண்டந்து ஊத்திறா." அப்படிச் சொல்லிவிட்டு முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"நாளைக்கெல்லோ உமக்கு நேர்முகம்?"

"ஓம் சேர்."

"நான் குடுத்த கடிதத்தை மாத்த வேணும்." தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்று பின்னேரம் யாகோப்பு ஒன்றும் ஏசவில்லை. "சொல்லிப்போட்டியோ?" என்று கேட்டான். "சொல்லிப்போட்டன்" என்றாள். அவன் அவளுடைய செருப்பை எடுத்து அறுந்துபோகவிருந்த வாரைத் தைத்து வைத்தான், புதன்கிழமை போட்டுப் போக.

நேர்முகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. பெயர், வயது, படிப்பு எல்லாம் கேட்டுவிட்டு, ஒரு கடிதத்தை விரித்து வாசித்தார். செபஸ்தியம்மா கால்விரல்களைச் செருப்புக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தப் பணியாளர் பதினொரு வருடத்தில் ஒரு தடவை எனது ஆய்வுகூடத்தின் பிரதான விதியை மீறினார். அதை யாரும் கண்டுபிடிக்கவில்லை, கண்டுபிடித்திருக்கவும் முடியாது. தனது நேர்முகப் பரீட்சைக்கு முதல் நாள் அவரே வந்து சொன்னார். அதனால் ஒரு மாணவியின் பெயரும் ஓர் ஆய்வும் காப்பாற்றப்பட்டன. பாத்திரம் கழுவ ஆட்களைப் பழக்கலாம். இதைப் பழக்க எனக்குத் தெரியாது. இவரை எனக்குத் தாருங்கள்."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "இன்னும் ஒரு நாள் பொறுத்துச் சொல்லியிருக்கலாமே. ஏன் சொன்னீங்கள்?"

செபஸ்தியம்மா செருப்புக்குள் இறுக்கிய விரல்களைத் தளர்த்தினாள். "அந்தப் பிள்ளை நல்ல தண்ணி எண்டு சொன்னது. நானும் நல்ல தண்ணி எண்டு நினைச்சுத்தான் விட்டனான். அதுவரைக்கும் ஒருத்தரும் பொய் சொல்லேல்லை அம்மா. பிறகும் நான் பேசாமல் இருந்தால், அங்கைதான் பொய் துவங்கும்."

ஆறு கிழமை கழித்து நியமனக் கடிதம் வந்தது. யாகோப்பு இந்த முறை அதை நேராகப் பிடித்து, எழுத்துக் கூட்டி, கடைசிக் கையெழுத்துவரை வாசித்தான். மாநாட்டில் வினோஜாவின் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். முழுவதும் ஆங்கிலம். செய்முறையில் ஓரிடத்தில் மட்டும் வினோஜா இரண்டு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தாள், நல்ல தண்ணி என்று. பக்கத்தில் கிணறு இருக்கும் ஊரும், அள்ளியவரின் பெயரும்.

இப்போது கிழமைக்கு ஒரு கான் நல்ல தண்ணி ஆய்வுகூடத்துக்குத் தேவை. வடிநீரில் சுண்ணாம்பை அளந்து போட்டும் செய்து பார்க்கிறார்கள். கிணற்றளவுக்கு இன்னும் வரவில்லை. அந்த முதல் திங்கட்கிழமை செபஸ்தியம்மா மூன்று கானோடு சைக்கிளில் சந்திக் கோயிலுக்குப் போனாள். செபநாயகம் கதிரையில் இருந்தார். மூன்றாவது கானை ஒரு பார்வை பார்த்தார்.

"குடிக்கவோ?"

ஓம் என்று சொன்னால் முடிந்தது. முப்பத்தெட்டு வருடமாகச் சொன்ன சொல். யாரும் பின்னால் வந்து பார்க்கப்போவதில்லை.

"ரெண்டு கான் குடிக்க. மற்றது குடிக்க இல்லை" என்றாள்.

செபநாயகம் எழுந்து நின்றார். கயிற்றை இறுக்கிப் பிடித்தார். "அப்ப என்னத்துக்கு?"

அவள் கைப்பையைத் திறந்து, வினோஜா கொடுத்த சின்ன விளக்கை எடுத்தாள். மணிக்கூட்டுப் பற்றரி ஒன்றில் பொருத்திய ஒற்றை எல்.ஈ.டி., தலையில் மஞ்சளாய் ஒரு சொட்டு. கிழவரைக் கோயில் விறாந்தை நிழலுக்குக் கூட்டிப்போய், அவருடைய உள்ளங்கையில் வைத்துக் கொளுத்திக் காட்டினாள். கயிறு பிடித்துக் காய்த்துப்போன ரேகைகளெல்லாம் அந்த வெளிச்சத்தில் தெரிந்தன.

"உது எங்கடை தண்ணியிலையோ எரியுது?"

"எங்கடை தண்ணியும் எங்கடை இறால் கோதும்."

அவர் வெகுநேரம் கையை மூடவில்லை. பிறகு விளக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கப்பிக் கயிற்றை அவளிடம் நீட்டினார். மூன்றாவது கானை அவரே தூக்கிச் சைக்கிளில் கட்டிவிட்டார்.

அடுத்த திங்கட்கிழமையும் அவர் கேட்கத்தான் செய்தார். சட்டம் என்றால் சட்டம். கேள்வியை மட்டும் கொஞ்சம் மாற்றியிருந்தார்.

"குடிக்கவோ, வெளிச்சத்துக்கோ?"

"ரெண்டுக்கும்" என்றாள் செபஸ்தியம்மா.